சொந்த ஊர் எது? – ஒரு சிலந்தியும் ஒரு கிணற்று உயிரும்

சங்கத்தின் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் போனில் கேட்டார். "எனக்குத் தெரிந்தது விலங்கியல் ஒன்றுதான், அதை நம்மவர்களில் யார் படிப்பார்கள்?" என்றேன். "எழுதுங்கோ சார், சிலப்பதிகாரம் பத்தி ஏற்கெனவே நாலு கட்டுரை வந்தாச்சு" என்றார். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பூர்வீகம் திருவானைக்காவல். நான் பிறந்து வளர்ந்தது கல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் 'நேட்டிவ் ப்ளேஸ்' என்றொரு கட்டம் இருக்கும். அப்பா யோசிக்காமல் திருவானைக்காவல் என்று எழுதிவிடுவார். நான் அங்கே வாழ்ந்த நாட்களை எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் இரண்டு மாதம் தேறாது. போன வருஷம் என் பேத்தி ஏதோ ஒரு படிவத்தை நிரப்பும்போது, "தாத்தா, இதுல நான் எதைப் போடணும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான். உயிரினங்களுக்குச் சொந்த ஊர் கண்டுபிடிப்பதுதான் எங்கள் சாத்திரத்தில் பாதி வேலை. அங்கேயும் இந்தக் கட்டம் எளிதில் நிரம்புவதில்லை என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

திருவானைக்காவல் என்றதும் சிலந்திக் கதை உங்களுக்கு நினைவு வரும். லிங்கத்தின் மேல் சருகு விழாமல் சிலந்தி வலை பின்னியது, யானை அதை அழுக்கு என்று நினைத்துக் கலைத்தது, கோபம் கொண்ட சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடித்தது, இரண்டும் மாண்டன. சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை நுழைய முடியாத மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளியது. பாட்டி இதைச் சொல்லிவிட்டு, கர்ப்பக்கிருகத்தில் ஊறும் தண்ணீரைக் காட்டுவாள். சிலந்தி ஒன்று, நிலத்தடி நீர் ஒன்று. என் கட்டுரையின் இரண்டு பாத்திரங்களும் அந்த ஒரே சன்னதியில் இருந்திருக்கின்றன. அப்போது எனக்கு அது தெரியாது.

முதலில் சிலந்தியைப் பார்ப்போம். நாம் அதை எட்டுக்கால் பூச்சி என்கிறோம். பூச்சிக்கு ஆறு கால்தான் என்பதால் அந்தப் பெயரே தகராறு. சிலந்தி, பூச்சி, நண்டு, இறால் எல்லாமே கணுக்காலிகள் என்ற பெரிய குலம். சிலந்திக்கு உணர்கொம்பு கிடையாது. நண்டும் இறாலும் சேர்ந்த ஓட்டுடலிகளுக்கு இரண்டு ஜோடி உண்டு. பாகம் பிரிந்து வெகுகாலமான பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மும்பையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போனவர்களுக்கு, குண்டக்கல்லைத் தாண்டியதும் வரும் குத்தி என்ற ஸ்டேஷன் தெரிந்திருக்கும். ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்து ஊர், மலைக்கோட்டையும் உண்டு. அங்கே ரயில்வேயின் மரக்கட்டைக் கிடங்கில் ஒரு சிலந்தி பிடிபட்டது. உள்ளங்கையளவு பெரியது, ரோமம் அடர்ந்தது, டாரன்டுலா வகை. அந்த ஒரே ஒரு மாதிரியை வைத்து லண்டன் அருங்காட்சியகத்தின் போக்காக் 1899இல் ஒரு புதிய இனத்தை விவரித்து, பொயிசிலோதீரியா மெட்டாலிகா என்று பெயர் வைத்தார். உலோகம் போல மின்னும் நீலம் என்பதால் 'மெட்டாலிகா'. மறு வருஷமே, 1900இல், இந்தியச் சிலந்திகளையும் தேள்களையும் பற்றிய அவருடைய பெரும் நூல் வந்தது.

ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரு மாதிரியைத் தேர்ந்து பத்திரப்படுத்துவார்கள். அதற்கு மூலமாதிரி என்று பெயர். அதன் கழுத்தில் ஒரு சீட்டு இருக்கும்: எங்கே, எப்போது, யார் பிடித்தது. பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் அந்தச் சீட்டை நம்பித்தான் தேடப் போவார்கள். இந்தச் சிலந்தியின் சீட்டில் குத்தி என்று இருந்தது. அடுத்த நூறு வருஷம் அந்த நீலச் சிலந்தி யார் கண்ணிலும் படவில்லை.

2001இல்தான் மறுபடி கிடைத்தது. எங்கே தெரியுமா? குத்தியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவிலுள்ள காட்டில், மரப் பொந்துகளில். அந்தக் காட்டு வழியாக இன்றும் ரயில் போகிறது. வெட்டிய மரத்தோடு மரமாக அந்தச் சிலந்தி ரயிலேறி, குத்தியில் இறங்கியிருக்க வேண்டும் என்பதுதான் அறிஞர்களின் முடிவு. பிழைப்புக்காக வந்ததுகூட இல்லை, படுத்திருந்த கட்டில் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கும் உலகம் முழுக்க அதை வளர்ப்பவர்கள் குத்தி டாரன்டுலா என்றுதான் அழைக்கிறார்கள். பாம்பே சேட், மெட்ராஸி என்று நம்மை அழைப்பதைப் போலத்தான்.

அந்தக் காட்டின் நிலைமை நன்றாக இல்லை. 2008இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை 'மிகவும் அருகிய இனம்' என்ற படியில் சேர்த்தது. 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பு, அதிலும் விறகுக்கும் கட்டைக்கும் வெட்டு. 2019இல் இந்தப் பேரினம் முழுவதற்கும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு வந்தது. வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறவர்களால் கண்ணாடிப் பெட்டிகளில் அது பெருகி வாழ்கிறது, பிறந்த காட்டில் அருகுகிறது. இதுவும் நமக்குப் புதிய கதை இல்லை.

அந்த நீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. அது சாயம் அல்ல. ரோமத்தின் நுண்ணிய கட்டமைப்பு ஒளியைச் சிதறடித்து உண்டாக்கும் நிறம். மயில் தோகையிலும் இந்த வித்தைதான், விவரம் வேறு. 2015இல் வந்த ஓர் ஆய்வு, டாரன்டுலாக்களில் இந்த நீலம் குறைந்தது எட்டு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று காட்டியது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கிளைகள், ஏறக்குறைய ஒரே நீலம். அதுவும் இரவில் திரியும், நிறம் பார்க்கும் திறன் குறைந்த பிராணியில்! எதற்காக என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இதில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்: இரண்டு உயிர்கள் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் மட்டும் அவை சொந்தக்காரர்கள் ஆகிவிடமாட்டா.

நம் ஊருக்கும் சிலந்திக்கும் ஒரு தொடர்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கல்கத்தா இந்தியன் மியூசியத்தில் வேலை பார்த்த கிரேவ்லி என்ற ஆங்கிலேயர், போக்காக்கின் வழியில் இந்தப் பெருஞ்சிலந்திகளைப் பற்றி 1915இல் எழுதினார். 1920இல் சென்னை மியூசியத்தின் தலைவராகப் போய் 1940 வரை இருந்தார். 1932இல் டி. என். ராமச்சந்திரனோடு சேர்ந்து அந்த மியூசியத்தின் செப்புத் திருமேனிகளுக்கு அட்டவணை போட்டவரும் இதே கிரேவ்லிதான். சிலந்தியின் கால் முள்ளை எண்ணிய கண், நடராஜரின் விரிசடையையும் எண்ணியது. எழும்பூருக்குப் போகிறவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி கிணற்றுக்கு வருவோம். இந்தக் கதை காசியில் நடக்கிறது. காரணம், உலக யுத்தம்.

1916இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் தலைமையகம் கல்கத்தாதான். 1942இல் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் கல்கத்தாவே காலியாகிக்கொண்டிருந்தது. அப்போது இங்கிருந்த தமிழ்க் குடும்பங்களில் பலர் பெண்டு பிள்ளைகளை ஊருக்கு அனுப்பியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். விலங்கியல் துறையும் மூட்டை கட்டி, காசியில் கைசர் காசில் என்ற கட்டடத்துக்குக் குடிபோனது. கொண்டுபோன இடத்தில் 1943இல் வருணா நதி வெள்ளம் புகுந்தது. குண்டுக்குத் தப்பிய சேகரம் தண்ணீரில் நனைந்தது. பாட்டில்களும் சீட்டுகளும் எத்தனையோ நாசம். சீட்டு நனைந்து எழுத்து அழிந்தால் அந்த உயிர் அநாதை. உடம்பு இருக்கும், ஊர் இருக்காது.

அந்தத் துறையில் சோப்ரா என்று ஒருவர். 1922இல் ஸ்டான்லி கெம்ப்போடு சேர்ந்து காரோ மலையின் சிஜு குகையை ஆராய்ந்தவர். அந்தக் குகைக்குள் ஓர் இறால் கிடைத்தது. அதற்குக் கண் உண்டு, ஆனால் வெளியாற்று உறவினர்களைவிடச் சிறிய கண். இருட்டில் கண் எப்படிப் படிப்படியாகப் போகிறது என்பதற்கு அது ஒரு நடுப்படி. சோப்ராவின் இன்னொரு ஈடுபாடு ஐசோபாட் என்னும் ஓட்டுடலிகள். ஈரச் செங்கல்லைப் புரட்டினால் சுருண்டுகொள்ளுமே ஒரு சாம்பல் நிற ஜந்து, அது ஐசோபாட்தான். இறாலின் செவுளறையில் ஒட்டுண்ணியாக வாழும் ஐசோபாட்களைப் பற்றி 1923இலேயே அவர் எழுதியிருந்தார்.

அவரும் திவாரியும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை 1950இல் வெளிவந்தது. காசிக் கிணறுகளிலிருந்து எடுத்த ஒரு புதிய ஐசோபாட். வெளுப்பு, கண் கிடையாது, நீண்ட உடம்பு. மற்ற ஐசோபாட்கள் மேலிருந்து அமுக்கினாற்போல் தட்டை, இது பக்கவாட்டில் ஒடுங்கியது. ஊரின் பெயரால் நிக்கோல்சியா காசியென்சே என்று வைத்தார்கள். குண்டுக்குப் பயந்து துறை காசிக்குப் போனதையும், காசிக் கிணற்றில் இது கிடைத்ததையும் சேர்த்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. பெயரின் முதல் பாதி நிக்கோல்ஸ் என்ற மேற்கு ஆஸ்திரேலியப் பேராசிரியருக்கு மரியாதை. காசிக் கிணற்று ஜந்துவுக்கு ஆஸ்திரேலியாக்காரர் பெயர் எதற்கு? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

இந்த வகை ஐசோபாட் முதன்முதலில் விவரிக்கப்பட்டது நியூசிலாந்தில், அதுவும் ஒரு கிணற்றிலிருந்து. 1883இல் சில்டன் என்பவர் அதற்கு ஃப்ரியாடோயிகஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் கிணறும் வீடும் சேர்ந்த சொல். தமிழில் கிணற்றுக்குடியன் என்று சொல்லலாமா? பிறகு இதன் உறவினர்கள் ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா, தென்னாப்பிரிக்கா என்று வரிசையாகக் கிடைத்தார்கள். எல்லாம் நல்ல தண்ணீரில். 1918இல் இதே சில்டன், சிட்னி வட்டாரப் பாறையில் இருந்த 20 கோடி வருஷத்துக்கும் மேற்பட்ட ஒரு புதைபடிவமும் இந்தக் குலமே என்று காட்டினார். 1923இல் நம் வங்காளத்துச் சுரங்கம் ஒன்றிலிருந்து போன கண்ணில்லாத வேறொரு ஓட்டுடலியை விவரித்தவரும் அவரேதான். கல்கத்தாவிலிருந்து பாட்டில் கப்பலேறி நியூசிலாந்து போயிருக்கிறது!

சரி, காசிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே ஒரு சமுத்திரமே இருக்கிறதே, இது எப்படிக் கடந்தது? இறால், நண்டு என்றால் குஞ்சுகள் கடலில் மிதந்து எங்கேயோ போய்ச் சேரலாம். ஐசோபாட் அப்படி இல்லை. தாய் தன் வயிற்றுக்கடியில் ஒரு பையில் முட்டையை வைத்துப் பொரிக்கிறது, குஞ்சு சிறிய உருவில் பெரியதாகவே வெளியே வருகிறது. மிதக்கும் பருவம் கிடையாது. இந்தக் குலத்தின் ஆதி மூதாதைகள் 30 கோடி வருஷத்துக்கு முன் கடலில் இருந்ததற்குப் புதைபடிவச் சான்று உண்டு. ஆனால் இன்று உயிரோடு இருப்பவை நல்ல தண்ணீரை விட்டு நகராதவை.

கண் இல்லை, வெளுத்திருக்கிறது என்பதால் மட்டும் இவை சொந்தம் என்று சொல்லிவிட முடியாது. சிலந்தியின் நீலத்தை நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். இருட்டுக்குப் போன மீனும் இறாலும் பூச்சியும் தனித்தனியே குருடாகி வெளுத்திருக்கின்றன. அதனால் வாயுறுப்பின் முள், காலின் கணு, வால் பகுதியின் அமைப்பு என்று இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தமில்லாத அடையாளங்களைத்தான் பார்ப்பார்கள். ஜாதகத்தில் மூக்கைப் பார்க்காமல் கோத்திரத்தைப் பார்ப்பது மாதிரி.

கடலை இது கடக்கவில்லை என்றால் மிச்சம் ஒரே வழிதான், நிலம் நகர்ந்திருக்க வேண்டும். கண்டங்கள் நகர்கின்றன என்று வெகனர் 1912இல் சொன்னார். 1950இல் பெரும்பாலான நிலவியலார் அதை ஏற்கவில்லை. 1960களில் கடல்தள ஆய்வுகள் வந்த பிறகுதான் வாய் அடைத்தார்கள். தென் கண்டங்கள் ஒன்றாயிருந்த பெருநிலத்துக்குக் கோண்ட்வானா என்று பெயர், நம் நடு இந்தியாவின் கோண்டு மக்களின் நாட்டிலிருந்து எடுத்தது. இந்தியா அங்கிருந்து பிரிந்தது சுமார் 13 கோடி வருஷத்துக்கு முன். ஆசியாவில் வந்து மோதியது சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன். கிணற்றுக்குடியன் எங்கும் போகவில்லை. அது இருந்த பாறையும் அதற்குள் இருந்த தண்ணீருமே புலம்பெயர்ந்தன.

கிணற்றுத் தவளை என்று நாம் ஏளனமாகச் சொல்கிறோமே, எனக்கு இப்போதெல்லாம் அந்தப் பழமொழி வாயில் வருவதில்லை.

இது வெறும் ஒரு கிணற்றின் கதையாக நின்றுவிடவில்லை. ஆந்திராவின் நாகார்ஜுனா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரங்கா ரெட்டியும் மாணவர்களும் கிணறு, ஆழ்துளைக் குழாய், ஆற்று மணல் என்று தண்ணீரை நுண்வலையில் வடித்து வடித்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டுடலிகளில் புதிய இனங்களாக எடுத்து வைத்தார்கள். 2011இல் அவரும் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் வில்சனும் குத்திகொண்டா குகையிலிருந்து ஒரு புதிய கிணற்றுக்குடியனை விவரித்து ஆந்திராகாய்டிஸ் என்று பெயரிட்டார்கள். காசிக்காரரும் இவரும் ஒரே குடும்பம், அதன் மற்ற உறுப்பினர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் டாஸ்மேனியாவிலும். சிலந்தியும் இந்தக் கதைக்குள் வந்து சேர்ந்துவிட்டது. 2021இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, டாரன்டுலாக்கள் இந்திய நிலத்தோடு பயணம் செய்து, இங்கே வளைவாசிகளாகவும் மரவாசிகளாகவும் இரண்டு கிளை பிரிந்து, நிலம் மோதிய பிறகு ஆசியாவுக்குள் பரவின என்று காட்டியது. குத்தி ஸ்டேஷனில் இறங்கியது அதன் முதல் பயணம் இல்லை.

ஒரு முரண்டு மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வகுப்பிலும் ஒரு பெண் கேட்டாள்: "சார், காசி இருக்கிறது கங்கைச் சமவெளி. அந்த வண்டல் இமயமலை எழும்பின பிறகு வந்ததாச்சே. கோண்ட்வானா பிராணி அங்கே எப்படி?" நியாயமான கேள்வி. என் ஊகத்தைச் சொல்கிறேன், ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காசி சமவெளியின் தென்விளிம்பில் இருக்கிறது, விந்தியப் பாறை தொட்டுவிடும் தூரம். 1955இல் திவாரி விவரித்த இதன் இன்னொரு இனம் கிடைத்த முங்கேரும் அப்படியே, கங்கைக்கரை ஊர், பக்கத்திலேயே பழம்பாறை மலை. தெற்கே பாறை இடுக்கின் நீரில் இருந்தவை, வண்டல் சேரச் சேர அதனுள் ஊறும் நீருக்கு மெல்ல இடம் மாறியிருக்கலாம். அப்படியென்றால் காசியென்சே என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பதும் காசியில் குடியேறியதுதான். அதற்கும் முன் அதன் ஊர் விந்தியம், அதற்கும் முன் கோண்ட்வானா, அதற்கும் முன் கடல். கட்டத்தில் எதை எழுதுவது?

எங்கள் அத்தை ஒருத்தி காசி அனுமான் காட்டில் இருந்தாள். எனக்குப் பத்து வயதிருக்கும், ஒரு கோடை விடுமுறையில் போயிருந்தோம். வீட்டுக்கு உள்ளேயே கிணறு. அத்தை தண்ணீர் இறைத்தால் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டித்தான் ஊற்றுவாள். ஒரு நாள் துணியில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. நான் விளக்குமாற்றுக் குச்சியால் நசுக்கப் போனேன். "டேய், விடுடா. காசிக் கிணத்து ஜந்துவுக்கும் மோட்சம் உண்டு, அது தன் காலத்துல போகட்டும்" என்று துணியைக் கிணற்றுக்குள்ளேயே உதறினாள். அது என்ன ஜந்து என்று இன்று சொல்ல முடியாது. புழுவாகவும் இருந்திருக்கலாம். 1950ஆம் வருஷக் கட்டுரையை நான் நூலகத்தில் படித்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது, அத்தையும் போய்விட்டாள்.

2019இல் காசிக்குப் போனபோது அந்த வீட்டைத் தேடிப் போனேன். கை மாறியிருந்தது. இப்போது இருப்பவர்கள் நல்ல மாதிரி, உள்ளே வரச் சொன்னார்கள். கிணற்றின் மேல் கான்கிரீட் பலகை போட்டு, துளசித் தொட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் மோட்டார், ஆழ்துளைக் குழாய். "கீழே தண்ணீர் இருக்கிறதா?" என்று ஹிந்தியில் கேட்டேன். வீட்டுப் பையன் பலகையின் ஓரத்திலிருந்த ஓட்டை வழியாக ஒரு சிறு கல்லைப் போட்டான். கொஞ்சம் நேரம் கழித்துச் சத்தம் கேட்டது. தண்ணீர் சத்தம்தான்.